அமுக்கி அளந்த சோறு

எங்கள் அக்காவுக்கு வேலை செய்யும் இடத்தில் 'அளவக்கா' என்று பெயர். பூட்டுத் தொழிற்சாலையின் கேன்டீனில் இருபத்தாறு வருடமாக மதியச் சோறு போடுகிறாள். இரண்டு மேசை, இரண்டு வரிசை, அக்காவின் வரிசையில் மட்டும் இருநூறு தட்டுக்குக் குறையாது. அந்தப் பெயரை யாரோ கேலிக்குத்தான் வைத்திருக்க வேண்டும். அக்கா அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதைப் போல எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் தானே சொல்லிவிடுவாள்.

தன் கையே ஒரு தராசு என்பது அவள் நம்பிக்கை. உப்புக்குக் கைப்பிடி, எண்ணெய்க்குக் கண், தேயிலைக்கு விரல் நுனி. ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கப் போனால், கடைக்காரர் மீட்டர் கோலை எடுப்பதற்குள் இவள் சாண் போட்டு முடித்திருப்பாள். பால் வாங்கும்போது பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து, "அரை டம்ளர் கொறையுதே" என்பாள். குறைந்துதான் இருக்கும். அந்த வெற்றியை ஒரு வாரம் பேசுவாள்.

நான் அவளுக்கு ஆறு வயது இளையவள். அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன், கேட்பவர்களுக்குக் கேக் செய்து கொடுக்கிறேன். என் தொழிலில் எல்லாமே எடைதான். ஒரே கப்பில் மாவைச் சலித்துப் போட்டால் நூற்றுப் பத்து கிராம் நிற்கும். அதே கப்பைப் பைக்குள் விட்டு மொண்டு, மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் நூற்றைம்பது ஆகிவிடும். அந்த நாற்பது கிராமால் எத்தனை கேக்கைச் செங்கல்லாக்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் உள்ளங்கை அகலத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். அக்கா மேலே வரும்போதெல்லாம் அதை ஒரு விரலால் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"கை வராதவங்களுக்குத்தான்டி மெஷினு" என்று சொல்லிவிட்டு என் கேக்கிலேயே பெரிய துண்டாக எடுத்துக்கொள்வாள். அன்று முழுக்க எனக்கு வயிறு எரியும்.

அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், பஸ் ஓட்டுகிறார். பதினான்காம் நம்பர் வண்டி, விடியற்காலையில் எடுத்தால் பிற்பகல் மூன்று மணிக்கு விடுவார். அவருக்கும் டிப்போவில் ஒரு பெயர் உண்டு, 'தாலாட்டு'. அவர் பிரேக் போடுவது யாருக்கும் தெரியாது, ஏறியவர்கள் அப்படியே தூங்கிவிடுவார்கள், இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய் எழுந்து அவரிடமே சண்டை போடுவார்கள். முப்பது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. வண்டியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்குத்தான் சர்க்கரை வந்தது. டிப்போ டிரைவர்களுக்கு நடத்தும் வழக்கமான பரிசோதனையில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பது சதவீதத்தைத் தாண்டி நின்றது. டாக்டர் மாத்திரை எழுதினார். எட்டுக்குக் கீழே வந்தால்தான் தொடர்ந்து வண்டி ஓட்டச் சம்மதிப்பேன் என்று சொல்லி மூன்று மாதம் தவணை கொடுத்தார். கூடவே ஒரு தாளும், மூடி இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் கப் ஒன்றும் கொடுத்தார்கள். மதியம் ஒரு கப் சோறு, இரவு ஒரு கப் சோறு, மற்றதெல்லாம் காய். கப் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 150 கிராம் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினாள். கப் என்பதை மட்டும் படித்தாள். கிராம் அவள் பேசாத பாஷை.

அன்றிலிருந்து அத்தானின் சாப்பாட்டை அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். காலையில் அவருடைய டப்பாவில் ஒரு கப் அளந்து வைப்பாள், சாயந்திரம் ஒரு கப் அளப்பாள். இன்னும் ஒரு பருக்கை கேட்டாலும் கிடையாது. அத்தான் கேட்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பெருமை. "என் கையால அளந்து போட்டா ஒரு கப்பே வயிறு நெறஞ்சிடும், பாத்துக்க" என்று என்னிடம் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். கப் கணக்கைப் பற்றித் தினமும் கரடியாகக் கத்துகிற எனக்கு அன்றைக்குப் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு புள்ளி ஒன்பது. மாத்திரையும் போட்டு, அளந்தும் சாப்பிட்டு, நூல் அளவுதான் இறங்கியிருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அத்தானைப் பார்த்து, இன்னும் ஒரு மூன்று மாதம்தான், அதற்குப் பிறகு டிப்போவுக்குள் உட்காருகிற வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தான் சரி என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை சரியில்லை.

அவள் கணக்கு நேராக இருந்தது. வீட்டில் அளவு தப்பாது, ஏனென்றால் அளக்கிறது தான். அப்படியென்றால் மனிதர் வெளியில் தின்கிறார். பஸ் நிலையத்தில் டீக்கடை இருக்கிறது, கண்ணாடிப் பெட்டி நிறைய ரொட்டியும் பன்னும் இருக்கின்றன. கையும் களவுமாகப் பிடிக்கவேண்டியதுதான் பாக்கி. சட்டைப் பையைத் துழாவினாள். காலரை முகர்ந்து பார்த்தாள். டீக்கடைக்காரரிடமே போய்த் துருவித் துருவிக் கேட்டாள். அவரோ, "உங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தே மாசக்கணக்காச்சும்மா, எம்மேல ஏதும் கோவமா?" என்று இவளைத் திருப்பிக் கேட்டார்.

கண்டக்டரை வழிமறித்து விசாரித்ததை நானே பார்த்தேன். எங்கள் தெருமுனையில்தான் நிறுத்தம்.

"தம்பி, உண்மையச் சொல்லு. நடுவுல என்ன திங்கிறாரு?"

"சத்தியமா ஒண்ணும் இல்லக்கா. வண்டியவிட்டு எறங்குறதே இல்ல. நாங்கல்லாம் டீ குடிக்கப் போனா அவரு சீட்லயே உக்காந்து தண்ணி குடிக்கிறாரு."

"நீயும் கூட்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா வீட்டைப் பார்த்து நடந்தாள். கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அத்தானிடம் தினமும் விசாரணை நடக்கும். "நான் எதுவும் சாப்பிடல" என்று ஒரு தடவை சொல்வார். இரண்டாவது தடவை கேட்டால் சொல்லமாட்டார். நானும் கொஞ்சம் சந்தேகப்பட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு வாய் மூடி இருக்கிறவர் எதையோ மென்று விழுங்குகிறார் என்றே எனக்கும் பட்டது.

இப்படி இரண்டு வாரம் போனபோதுதான் கேன்டீனில் தராசு வந்தது. அது அக்காவின் வரிசையால் வந்தது. இரண்டு மேசையிலும் ஒரே பானைச் சோறு, ஒரே மாதிரிக் கிண்ணம். ஆனால் ஆட்கள் பக்கத்து மேசையைத் தாண்டி வந்து அக்காவின் மேசையில்தான் நிற்பார்கள், வாசல் வரைக்கும் நிற்பார்கள். சாப்பிட்டு முடித்துத் தாமதமாகத்தான் மெஷினுக்குப் போவார்கள். தன் கைராசி என்று அக்கா சொன்னாள். அவள் குவித்துப் போடுகிறாள் என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். வாய் வார்த்தை வளர்ந்து, அந்தப் பெண் புதிதாக வந்த மேற்பார்வையாளரிடம் போய்விட்டாள். அவர் இளைஞர், எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்யாதவர். பொருள் அறையிலிருந்து தராசைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"ஆளுக்குப் பத்துத் தட்டு போடுங்கக்கா. பாத்துடலாம்."

இதைச் சொல்லும்போது அக்கா என் சமையலறையில் நின்று நடித்தே காட்டினாள். பக்கத்து மேசைப் பெண்ணின் தட்டுகள் நூற்று நாற்பத்தெட்டு, நூற்றெழுபத்தொன்று, நூற்றைம்பத்தைந்து என்று அங்கும் இங்கும் ஓடின. அக்காவின் முதல் தட்டு இருநூற்று நாற்பது. இரண்டாவது இருநூற்று முப்பத்தொன்பது. மூன்றாவது இருநூற்று நாற்பத்தொன்று. பத்துத் தட்டும் முடிந்தபோது ஒன்றுகூட இருநூற்று நாற்பதை விட்டு மூன்று கிராம் தள்ளிப் போகவில்லை. வரிசையில் நின்றவர்கள் தட்டைத் தட்டினார்கள். மேற்பார்வையாளர் குனிந்து தராசின் எண்ணை இன்னொரு தடவை பார்த்தார்.

"மெஷின் கெட்டாலும் உங்க கை கெடாதுக்கா" என்றார். பிறகு, "ஆனா தட்டுக்கு நூத்தறுவதுதானே நம்ம கணக்கு. கிண்ணம் ஒண்ணுதான், எடை மட்டும் எப்படி வேற ஆவுது?" என்று கேட்டார்.

எப்படி என்று அக்காவுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருடம், கிண்ணத்தில் மொண்டு கவிழ்த்தால் சோறு தட்டில் சரிந்து பரவிவிடும். குறைத்துவிட்டாள் என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். அதனால் கரண்டியின் முதுகால் இரண்டு அமுக்கு அமுக்கி, மேலே இன்னும் கொஞ்சம் போட்டு நிரவிக் கவிழ்க்க ஆரம்பித்தாள். சோறு கிண்ணம் கணக்காக நின்றது, முணுமுணுப்பும் நின்றது. இருபத்தாறு வருடத்தில் அது அவள் கைக்குச் சொந்தமாகிவிட்டது, செய்கிறோம் என்றே தெரியாமல் செய்வாள். மேற்பார்வையாளர் அமுக்கக் கூடாது என்றதும், நிறையப் போட்டால் குற்றமா என்று கேட்டுவிட்டு, பத்துத் தட்டின் சந்தோஷத்தோடு பஸ் ஏறினாள்.

இந்தக் கதையை அவள் என்னிடம் சொன்னது அன்று சாயந்திரம், வெயில் இன்னும் மாடிப்படியில் இருக்கும்போதே. ஆனால் கதை சொல்ல வந்தவள் கையில் அந்த வெள்ளைக் கப் இருந்தது, அதன் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. நடித்துக் காட்டும்போதும் அதைக் கீழே வைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு அவள் சிரிக்கவும் இல்லை.

"உன் தராசை எடு" என்றாள்.

எடுத்தேன். தட்டை நீக்கினாள். அத்தானுக்கு அளந்த சோறு, விளிம்போடு விளிம்பாக, இஸ்திரி போட்டதைப் போல மட்டமாக இருந்தது. காலி கப் ஒன்றை முதலில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கு என்று அவளே சொன்னாள். கேன்டீனில் பார்த்திருக்கிறாள். என்னிடம் அதே மாதிரி வேறு கப் இல்லை. அதனால் சோற்றைப் பாத்திரத்தில் கொட்டி, கப்பைக் கழுவித் துடைத்துத் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அவள் கையாலேயே நிரப்பச் சொன்னேன். கரண்டி தானாக இரண்டு தடவை அமுக்கியது.

இருநூற்று இருபத்தேழு.

"இப்ப அமுக்காம போடு" என்றேன். அவளால் முடியவில்லை, கை போய்விடுகிறது. நானே வாங்கி, மொண்டு, மேலே கத்தியால் வழித்துவிட்டு வைத்தேன். நூற்றைம்பத்திரண்டு காட்டியது. பாத்திரத்தில் மீதிச் சோறு இருந்தது, ஒரு சின்னப் பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடு அளவுக்கு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எத்தனை வருடமாக என் தராசை ஒரு விரலால் தள்ளியிருக்கிறாள். "நான்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கப்புங்கறது எடை இல்லன்னு" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது இனித்தது. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததும் அந்த இனிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எவ்வளவு பேச்சு பேசிட்டேன்டி அவர. சட்டைய மோந்து பாத்தேனே" என்றாள்.

"வா, போய்ச் சொல்லிடலாம்."

"நீயும் வா. தனியா சொன்னா நான் எதையாவது சொல்லி மழுப்பிடுவேன்." தன்னைப் பற்றி அவள் சரியாக அளந்து சொன்னது அதுதான்.

அத்தான் கீழே வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் நின்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பத்துத் தட்டு, கரண்டி முதுகு, இருநூற்று இருபத்தேழு. அளந்து போட்டது எல்லாம் ஒன்றரை கப் என்றாள், இரண்டு வேளையும் என்றாள், மூன்று மாதத்துக்கு மேலாக என்றாள். திட்டிவிடுங்கள் என்றும் சொன்னாள். அத்தான் ஒரு ஷூவைக் கையில் மாட்டியபடியே கேட்டார்.

"அப்போ என் உடம்பு கெட்டுப்போகலையா?"

"என்னது?"

"நானும் வெளியில ஒண்ணும் திங்கல. நீயும் ஒரு கப்புதான் போடுற. மாத்திரையும் போடுறேன். அப்படியும் எறங்கலன்னா உடம்பு அவ்வளவுதான் போலன்னு நெனச்சேன். மாசக் கடைசில நானே எழுதிக் குடுத்துட்டு வண்டியவிட்டு எறங்கிடலாம்னு இருந்தேன்." அவர் ஷூவைக் கீழே வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. "சோறுதானா? சோத்தக் கொறச்சா எறங்கிடுமா?"

இவ்வளவு வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டது அன்றுதான். அக்கா பாலிஷ் டப்பாவுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டு வாங்கிக்கொள்ள வந்தவளுக்கு அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் மாடிக்குப் போய் என் தராசை எடுத்துவந்து அவர்கள் சமையல் மேடையில் வைத்தேன். எனக்கு வேறு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் நூற்றைம்பது கிராமைத் தட்டில் பார்த்து அத்தான், மீதி எங்கே என்று கேட்டார். இதுதான் எல்லாம் என்றாள் அக்கா. "இப்பத்தான் டயட்டுல இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வெள்ளரிக்காயைக் கடித்தார். முதல் இரண்டு வாரம் நன்றாகவே பசித்தது. தட்டின் காலி இடத்தில் அக்கா பீன்ஸும் கீரையும் முட்டைகோஸும் குவித்தாள். அதற்கு எடை கிடையாது என்று தாளில் போட்டிருந்ததால் அங்கே கை இஷ்டப்படி விளையாடியது. கேன்டீனிலும் அமுக்குவதை விட்டாள். சோறு சரிகிறது என்று ஆட்கள் புலம்பினார்கள், வரிசை இரண்டாகப் பிரிந்தது. பக்கத்து மேசைப் பெண்ணும் அவளும் இப்போது ஒரே நேரத்தில் வேலை முடித்து ஒரே பஸ்ஸில் போகிறார்கள். கேன்டீனில் தட்டைக் கையில் தூக்கிப் பார்த்து எத்தனை கிராம் என்று பந்தயம் கட்டுகிறார்களாம். அக்காதான் ஜெயிக்கிறாள். அதுவும் ஒரு வாரப் பேச்சாக வீட்டுக்கு வருகிறது.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போன அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். நாற்காலி இரண்டுதான், நான் கதவோரம் நின்றேன். டாக்டர் தாளைப் பிரித்துப் பார்த்தார். ஏழு புள்ளி நான்கு. அவர் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"நல்லா எறங்கியிருக்கே. என்ன மாத்தினீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொல்லிவிட்டார். "நடுநடுவுல வெளியில சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன் டாக்டர். விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டர் பிடித்துக்கொண்டார். படித்துப் படித்துச் சொன்னேனே என்றார், உங்களை நம்பி அறுபது பேர் ஏறுகிறார்களே என்றார். "வீட்டுல அவங்க பாவம் அளந்து அளந்து போடுறாங்க. நீங்க என்னடான்னா அவங்களுக்குத் தெரியாம வெளியில போய்த் தின்னுட்டு வர்றீங்க" என்று வெளுத்து வாங்கினார். அத்தான் சிக்னலில் நிற்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு, சரி டாக்டர், சரி டாக்டர் என்றார். அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர், அவரத் திட்டாதீங்க" என்றாள். டாக்டர் நிறுத்தவில்லை, அக்கா இன்னொரு தடவை சொன்னாள். "அவரு ஒரு வாய்கூட வெளியில சாப்பிடல. கப்புல நான் சோத்த அமுக்கி அமுக்கிப் போட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணரையா போயிருக்கு. எனக்குத் தெரியல."

"அமுக்கின்னா?"

அக்கா இடது கையைக் குவித்து வைத்து, வலது முட்டியால் இரண்டு தடவை அமுக்கிக் காட்டினாள். டாக்டர் புரிந்துகொண்டு பேனாவை எடுத்தார். அத்தானின் கோப்பில் சோற்று அளவு எழுதிய இடத்தைத் தேடினார்.

"தப்பு என்னுதுதான். நானே செஞ்சுட்டு இவர சந்தேகப்பட்டேன். அதையும் எழுதிக்குங்க" என்றாள் அக்கா.

டாக்டர் அதை எழுதவில்லை. டிப்போவின் படிவத்தை இழுத்து, வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அத்தானிடம் நீட்டினார். அத்தான் அதை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல், அக்காவின் மடியில் வைத்தார்.